பல் கிளினிக்கின் குடும்ப அட்டையா, பல் சிகிச்சையும் சேர்ந்த மருத்துவக் காப்பீடா?

காரிமங்கலத்துக்காரி:

எங்கள் வீட்டில் நான்கு வாய்கள். நான்கிலும் வேலை இருக்கிறது.

எனக்கு வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை நரம்பு வரை இறங்கிவிட்டது. வேர் சிகிச்சை செய்து மேலே கேப் என்ற உறை போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். கணவருக்குப் பல் துலக்கினால் ஈறில் இரத்தம் வருகிறது. ஓசூரில் வேலை, விடியற்காலை கம்பெனி பஸ் ஏறி இரவு திரும்புகிறவர். பல் மருத்துவரிடம் வரச் சொன்னால் "ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம்" என்பார். எந்த ஞாயிறு என்று மட்டும் சொல்லமாட்டார். மாமியாருக்கு மிஞ்சியிருப்பது ஆடிக்கொண்டிருக்கும் சில பற்கள். அவற்றை எடுத்துவிட்டு முழுப் பல் செட் வைக்கலாம் என்கிறார்கள். "களியை விழுங்குவதற்குப் பல் எதற்கு?" என்பது அவர் வாதம். ஆனால் பேத்தி கடலை உருண்டையைக் கடிக்கும்போது அவர் பார்க்கிற பார்வை வேறு மாதிரி இருக்கிறது.

மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். முன்பற்களில் பழுப்புக் கறை. தருமபுரிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவள் பிறந்து வளர்ந்த ஆண்டுகளில் எங்கள் ஊர்க் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர் ஒழுங்காக வந்ததில்லை. குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். அதில் மிகுந்திருக்கும் ஃபுளோரைடுதான் இந்தக் கறை. இப்போது சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்கிறாள்.

என் முன்னால் இரண்டு காகிதங்கள் இருக்கின்றன.

ஒன்று, தருமபுரியில் நாங்கள் பார்த்த கிளினிக் கொடுத்தது. ஆண்டுக்கு 2,999 ரூபாய்க்குக் குடும்ப அட்டை. மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஆளுக்கு ஒருமுறை பல் சுத்தம் இலவசம். வேர் சிகிச்சைக்கு 20 விழுக்காடு, கேப்புக்கு 30 விழுக்காடு, பல் செட்டுக்கு 10 விழுக்காடு தள்ளுபடி. அவர்கள் விலைப் பட்டியலில் வேர் சிகிச்சை 5,500, சிர்கோனியா (பல் நிறத்துப் பீங்கான் வகை) கேப் 10,000, பல் செட் 20,000, பல் சுத்தம் 1,200. குடும்பம் என்றால் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். மாமியாரைச் சேர்க்க இன்னும் 800 ரூபாய்.

இரண்டாவது, கணவருக்குத் தெரிந்த ஏஜென்ட் கொடுத்தது. எனக்கும் கணவருக்கும் மகளுக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்கு மருத்துவக் காப்பீடு, ஆண்டுக்கு 16,400. அதனுடன் வெளிநோயாளர் செலவுக்கு ஒரு கூடுதல் பிரிவு, 5,900. அதில் ஆண்டுக்கு 15,000 வரை கிடைக்கும், பல்லுக்கு 5,000 வரை. அடியில் "ஜிஎஸ்டி தனி" என்று அச்சிட்டிருக்கிறது. பல்லுக்கான பணம் முதல் ஆண்டில் கிடைக்காதாம். நான் கேட்ட பிறகுதான் அதைச் சொன்னார். "பல் மருத்துவரைப் பார்த்ததைப் படிவத்தில் எழுத வேண்டாம், வீண் சிக்கல்" என்றும் சொன்னார்.

வீட்டிலேயே தையல் வைத்திருக்கிறேன். அளவு எடுக்காமல் துணியை வெட்டிப் பழக்கமில்லை. அதனால்தான் கேட்கிறேன். எதை வாங்குவது? இரண்டும் வேண்டுமா?

ஓசூர் ஷிப்ட்காரன்:

அக்கா, முதலில் அண்ணனின் சம்பளச் சீட்டைப் பாருங்கள். இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தால் இந்த இரண்டு காகிதத்தையும் மடித்து வைத்துவிடலாம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருந்தால் இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளி பங்கு 0.75 விழுக்காடுதான், கம்பெனி 3.25 விழுக்காடு கட்டுகிறது. பல் பிடுங்குவது, சொத்தை அடைப்பது போன்றவற்றை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் உண்டு, ஆகவே உங்கள் மாமியாரும் வருவார்.

சம்பளம் 21,000-ஐத் தாண்டியிருந்தால் கம்பெனி வேறு குழுக் காப்பீடு எடுத்திருக்கலாம். மனிதவளப் பிரிவில் அதன் நிபந்தனைத் தாளைக் கேட்கச் சொல்லுங்கள். எங்கள் கம்பெனியில் அப்படி ஒரு தாள் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

காரிமங்கலத்துக்காரி:

சென்ற ஆண்டுச் சம்பள உயர்வோடு இ.எஸ்.ஐ. போய்விட்டது தம்பி. குழுக் காப்பீடு இருக்கிறது. தாளைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.

பழைய பாலிசிக்காரர், கிருஷ்ணகிரி:

அம்மா, நான் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் கிளெய்ம் மேசையில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவன். பாலிசி விற்கிற பக்கம் இருந்ததில்லை, பணம் கொடுக்கிற பக்கம் இருந்தவன். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் உங்கள் கேள்வி கொஞ்சம் வேறு மாதிரி தெரிகிறது.

முதலில் அந்த ஏஜென்டின் காகிதம். "ஜிஎஸ்டி தனி" என்று இருந்தால் அது பழைய காகிதம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. அதற்கு முன் 18 விழுக்காடு இருந்தது. இதைக்கூட மாற்றாமல் கொண்டுவந்து நீட்டுகிறவர் மற்றவற்றை எவ்வளவு பார்த்திருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் எழுத வேண்டாம் என்று சொன்னாரே, அந்தப் பேச்சைத்தான் என் மேசையில் அதிகம் பார்த்திருக்கிறேன். படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள். நாளைக்குப் பித்தப்பைக் கல்லுக்குக் கிளெய்ம் போட்டாலும் பழைய மருத்துவச் சீட்டுகளைக் கேட்பார்கள். "மறைத்தார்" என்று ஒரு வரி எழுதப்பட்டுவிட்டால் பல்லோடு நிற்காது. உள்ளதை எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களுக்கு மேல் போகக் கூடாது என்பது 2024 ஏப்ரல் முதல் விதி. உண்மையை எழுதினால் அந்தக் காலம்வரைதான் காத்திருப்பீர்கள். மறைத்தால் எப்போதும் பயந்துகொண்டிருப்பீர்கள்.

இனி பல். நம் நாட்டுப் பெரும்பாலான மருத்துவப் பாலிசிகள் மருத்துவமனையில் படுத்துப் பெறும் சிகிச்சைக்கானவை. பல் சிகிச்சை அவற்றில் விலக்கு. விபத்தில் தாடை உடைந்து, பல் போய், மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால் கொடுப்பார்கள். உங்கள் கணவர் ஒருநாள் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு நெடுஞ்சாலையில் பைக்கில் போய் விழுந்தால் (விழ வேண்டாம்) அந்தப் பல்லுக்குப் பணம் வரும். தானாகச் சொத்தை விழுந்த பல்லுக்கு வராது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்குப் பெரிய சிகிச்சைகளுக்காக ஏற்பட்டது; வேர் சிகிச்சைக்கு அந்த அட்டையோடு போய் நிற்க முடியாது.

அதனால்தான் வெளிநோயாளர் பிரிவு என்று தனியாக விற்கிறார்கள். உங்கள் கணக்கைப் போடுவோம். முதல் ஆண்டு 5,900 கட்டுகிறீர்கள். பல்லுக்கு ஒன்றும் இல்லை. இரண்டாம் ஆண்டு மறுபடியும் 5,900. ஆக 11,800 கட்டிய பிறகு பல்லுக்கு 5,000 வரை கேட்கலாம். அதற்குள் உங்கள் கடைவாய்ப் பல் வேர் சிகிச்சைக்கு லாயக்கில்லாமல் போய், பிடுங்க வேண்டியிருக்கலாம். மிச்சமுள்ள 10,000 மருத்துவர் கட்டணத்துக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் உதவும். அடிக்கடி மருத்துவரிடம் போகிற வீடு என்றால் அதில் ஒரு நியாயம் உண்டு. சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இல்லாத மூன்று பேருக்கு அது தேவையா?

பல்லுக்கான 5,000 எதற்கெல்லாம் என்று எழுத்தில் கேளுங்கள். சொத்தை அடைப்பு, பிடுங்குதல், வேர் சிகிச்சை ஆகியவை இருக்கும். கேப் இருக்குமா? கேப் இல்லாத வேர் சிகிச்சை பாதி வேலை. பல் செட், இம்பிளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும். உங்கள் மகளின் கறையை எடுப்பது அழகுச் சிகிச்சை என்ற தலைப்பில் விழும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருந்தது அந்தக் குழந்தையின் ஆசை அல்ல. ஆனால் கிளெய்ம் மேசையில் அந்த வாதம் எடுபடாது. நானே சிலவற்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், விதி அப்படி.

நடக்குமா நடக்காதா என்று தெரியாத செலவுக்குத்தான் காப்பீடு. உங்கள் கடைவாய்ப் பல்லும் மாமியாரின் பல் செட்டும் மகளின் கறையும் நடந்துமுடிந்தவை. எவ்வளவு ஆகும் என்பதுதான் பாக்கி. அதற்குக் காப்பீட்டு நிறுவனம் உங்களிடம் வாங்காத பணத்தைக் கொடுக்காது.

இதற்காக அந்த 16,400 ரூபாய் அடிப்படைப் பாலிசியையும் சேர்த்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கம்பெனிக் குழுக் காப்பீடு வேலை இருக்கிறவரைதான். இதய அடைப்பு, விபத்து, புற்றுநோய், வாய்ப் புற்றுநோய் உட்பட, இவற்றுக்கெல்லாம் சொந்தப் பாலிசி வேண்டும். பல்லுக்காக அதை வாங்காதீர்கள். பல் இல்லை என்பதற்காக விடவும் வேண்டாம். பாலிசி கைக்கு வந்ததும் 30 நாட்கள் படித்துப் பார்க்க அவகாசம் உண்டு. பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம். சிறு பிடித்தம் போகப் பணம் வரும். கணவர் பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவரானால் இந்தப் பிரீமியத்தில் 25,000 வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். கிளினிக் அட்டைக்குக் கட்டிய பணத்தை அதில் காட்ட முடியாது.

அட்டையைப் பற்றி ஒன்றுதான் சொல்வேன். அது காப்பீடு அல்ல, ஒரு கடைக்காரரின் விலை வாக்குறுதி. பாலிசியில் தகராறு வந்தால் நிறுவனத்திடம் எழுதலாம், 30 நாளில் தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், செலவில்லை. ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 எண்ணும் இருக்கிறது. கிளினிக் நாளைக்கு வேறு கைக்கு மாறி "பழைய அட்டை செல்லாது" என்றால் இவர்களில் ஒருவரும் வரமாட்டார்கள். நுகர்வோர் ஆணையம்தான் வழி. 2,999 ரூபாய்க்காக யார் அலைவார்கள்? ஆகவே அட்டை வாங்குவதானால், அந்த ஆண்டுக்குள் முடிக்கப்போகும் வேலைக்கு மட்டும் வாங்குங்கள்.

கேப் செய்பவன்:

ஐயா காப்பீட்டை அலசிவிட்டார். நான் கேப்பைப் பற்றிச் சொல்கிறேன். பல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். சேலம் முதல் ஓசூர் வரை கிளினிக்குகளிலிருந்து அளவு வரும், நாங்கள் செய்து அனுப்புவோம். ஆய்வகம் என்ன விலைக்குக் கொடுக்கிறது என்று இங்கே எழுதமாட்டேன், எனக்கும் சோறு வேண்டும்.

30 விழுக்காடு தள்ளுபடி என்றால் எந்த விலையிலிருந்து? இதுதான் கேள்வி. கேப்புக்கு எம்.ஆர்.பி. என்று எதுவும் அச்சடிக்கப்படுவதில்லை. ஒரு கிளினிக் 10,000 என்று எழுதி 30 விழுக்காடு குறைக்கலாம். அதே தெருவில் இன்னொருவர் 8,000 என்று எழுதி எதையும் குறைக்காமல் இருக்கலாம். கேப் ஒரே ஆய்வகத்திலிருந்து ஒரே டப்பாவில் போயிருக்கும்.

அடுத்து, எந்த வகைக் கேப்? முழு உலோகம், உலோகத்தின் மேல் பீங்கான், சிர்கோனியா என்று இருக்கின்றன. சிர்கோனியாவைக் கணினி வழியாகக் கட்டியிலிருந்து கடைந்து, ஏறக்குறைய 1,500 டிகிரி உலையில் சுட்டு எடுக்கிறோம். அதற்கு நிறுவனத்தின் உத்தரவாத அட்டை உண்டு. 5, 10, 15 ஆண்டு என்று தரத்தைப் பொறுத்து மாறும். அந்த அட்டையை உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். நாங்கள் அனுப்புகிறோம், அது கிளினிக் மேசை இழுப்பறையிலேயே தூங்குகிறது. சிர்கோனியா என்று சொல்லி வேறொன்றை வைத்துவிடுவார்களோ என்ற சந்தேகமும் அதோடு தீரும்.

உங்களுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல். சிரித்தால் தெரியாத இடம் என்றால் முழு உலோகக் கேப்பையும் கேட்டுப் பாருங்கள். விலை குறைவு, உடையாது, பல்லையும் குறைவாகத்தான் செதுக்க வேண்டியிருக்கும். இப்போது யாரும் கேட்பதில்லை என்பதால் மருத்துவர்களும் சொல்வதில்லை. எங்கள் அம்மாவுக்கு நான் செய்து வைத்தது அதுதான்.

வேர் சிகிச்சை 5,500 என்றால் எக்ஸ்ரே, உள்ளே நிரப்பும் வேலை, பல் உடைந்திருந்தால் தூண் வைத்துக் கட்டும் வேலை எல்லாம் சேர்த்தா என்று கேளுங்கள். தள்ளுபடி பெரும்பாலும் தலைப்புக்குத்தான் இருக்கும், உபரி வேலைகளுக்கு முழு விலை. இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன். கிளினிக்கும் வாடகை கட்ட வேண்டும், அட்டை வாங்கியவர் வேறு இடம் போகமாட்டார் என்பது அவர்கள் கணக்கு. சுத்தம் செய்ய ஆண்டுதோறும் ஒழுங்காகப் போகிற குடும்பத்துக்கு அட்டை லாபம்தான். ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம் என்கிற குடும்பத்துக்கு எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நியூஜெர்சியில் பர்கூர்க்காரன்:

இதைப் பற்றி இணையத்தில் படித்துக் குழம்பியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அதனால் ஒரு வார்த்தை. "பல் காப்பீடா, பல் தள்ளுபடித் திட்டமா" என்று கிடைக்கும் கட்டுரைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவைப் பற்றியவை. இங்கே பல்லுக்குத் தனிக் காப்பீடு சாதாரணம், வேலையோடு வரும். வழக்கமான கணக்கு 100-80-50: சுத்தம், பரிசோதனைக்கு முழுவதும், சொத்தை அடைப்புக்கு 80 விழுக்காடு, கேப், பல் செட் போன்றவற்றுக்குப் பாதி. ஆனால் ஆண்டு உச்சவரம்பு பலவற்றில் 1,000 முதல் 2,000 டாலர்தான். வேர் சிகிச்சையும் கேப்பும் சேர்ந்தால் ஒரே பல்லில் அது தீர்ந்துவிடும். பெரிய வேலைகளுக்குக் காத்திருப்புக் காலம், பாலிசிக்கு முன்பே விழுந்த பல்லுக்கு மாற்றுப் பல் கிடையாது என்ற நிபந்தனை எல்லாம் இங்கேயும் உண்டு. முதியோருக்கான மெடிகேர் வழக்கமான பல் சிகிச்சையைத் தருவதில்லை, ஆகவே ஓய்வு பெற்றவர்கள் சிலர் தள்ளுபடித் திட்டத்தைத் தேடுகிறார்கள். இங்கே அந்தத் திட்டம் பல மருத்துவர்களின் பட்டியலோடு வரும். ஒருவரைப் பிடிக்காவிட்டால் இன்னொருவரிடம் போகலாம். உங்கள் கையில் இருப்பது ஒரே கிளினிக்கின் அட்டை. பெயர் ஒன்றானாலும் சரக்கு வேறு.

நான் விடுமுறைக்கு ஊர் வரும்போதுதான் கேப் போட்டுக்கொள்கிறேன். விமானத்தில் வரும் நம்மவர்கள் பலர் அப்படித்தான். பெட்டியில் புளியும் வாயில் புதுப் பல்லுமாகத் திரும்புவோம்.

பென்னாகரம் ஆசிரியை:

பெண் குழந்தையைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

அந்தக் கறை சொத்தை அல்ல, அழுக்கும் அல்ல. ஈறுக்குள் பல்லின் மேற்பூச்சு உருவாகிக்கொண்டிருக்கும் ஆண்டுகளில், ஏறக்குறைய எட்டு வயது வரை, குடிநீரில் ஃபுளோரைடு அதிகமாக இருந்தால் அந்தப் பூச்சு சரியாக இறுகுவதில்லை. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லாவிட்டால் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களிலும் பல கிணறுகள் அதைத் தாண்டுவதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு "ஃபுளோரோசிஸ் தணிப்பு" என்றும் பெயர் வைத்தார்கள்; அதிக ஃபுளோரைடால் பல்லிலும் எலும்பிலும் வரும் பாதிப்புதான் ஃபுளோரோசிஸ். ஜப்பான் கடனுதவியுடன் சுமார் 1,928 கோடி ரூபாயில் கட்டி 2013-இல் திறந்தார்கள். எங்கள் பள்ளியில் அந்தத் தண்ணீர் வருவதற்கு முன் படித்த பிள்ளைகளையும் இப்போது படிக்கிற பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். அந்தச் சிரிப்புகளுக்கும் இந்தச் சிரிப்புகளுக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்பறையில் நின்றாலே பார்க்கலாம். குழாய் ஒழுங்காக வராத ஊர்களில் இன்னும் பழைய கதைதான்.

ஒன்றைக் கவனியுங்கள்: தண்ணீரைக் கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகி அளவு கூடத்தான் செய்யும். குடிப்பதற்கு மட்டும் ஒகேனக்கல் நீர், சமையலுக்குக் கிணற்று நீர் என்று பல வீடுகளில் வைத்திருக்கிறார்கள். சோறும் குழம்பும் அந்த நீரை இழுத்துக்கொள்கின்றன. உங்கள் மகளின் பற்களுக்கு அந்த வயது தாண்டிவிட்டது, ஆனால் எலும்பு எல்லோருக்கும் இருக்கிறது.

சிகிச்சை: என் மாணவி ஒருத்திக்காக மருத்துவரிடம் கேட்டபோது அவர் சொன்ன வரிசை எனக்குப் பிடித்திருந்தது. லேசான கறை என்றால் மேற்பரப்பை மெல்லியதாகத் தேய்த்தெடுப்பது அல்லது வெளுப்பாக்குவது. போதாவிட்டால் முன்னால் பல் நிறத்துப் பசையைப் பூசுவது. வளர்கிற பிள்ளைக்கு நல்ல பற்களைச் செதுக்கி வரிசையாகக் கேப் போட அவசரப்பட வேண்டாம் என்றார். அட்டையில் கேப்புக்கு 30 விழுக்காடு இருக்கிறது என்பதற்காகவே யாராவது அதை உங்கள் மகளுக்குச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாமியாருக்கு: ஆடுகிற பற்களை எடுக்கத் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போகலாம். காலையிலேயே சென்று சீட்டு வாங்க வேண்டும். சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள். ஈறு ஆறி இறுகிய பிறகுதான் செட்டுக்கு அளவு. எடுத்த கையோடு செட் வைத்தால் பின்னால் தளர்ந்துபோகும்.

காரிமங்கலத்துக்காரி:

எல்லோருக்கும் நன்றி. எழுதி வாங்கச் சொன்னீர்கள், வாங்கிவிட்டேன்.

முதல் கிளினிக்கில் அட்டை இல்லாமல்: வேர் சிகிச்சையும் கேப்பும் 15,500, பல் செட் 20,000, எனக்கும் கணவருக்கும் சுத்தம் 2,400. மொத்தம் 37,900. அட்டையோடு: 4,400 + 7,000 + 18,000, சுத்தம் இலவசம், அட்டைக்கு மாமியாரையும் சேர்த்து 3,799. மொத்தம் 33,199. 4,701 ரூபாய் மிச்சம் என்று அந்த வரவேற்புப் பெண்ணே கூட்டிக் காட்டினாள்.

பிறகு பாலக்கோடு சாலையில் இன்னொரு மருத்துவரிடம் போனேன். அட்டை, சலுகை எதுவும் இல்லை. சுவரில் நாள்காட்டியும் பட்டப்படிப்புச் சான்றிதழும் மட்டும். வேர் சிகிச்சை, எக்ஸ்ரே உட்பட 4,000, சிர்கோனியா 8,000, உத்தரவாத அட்டையைக் கையில் கொடுப்பாராம், செட் 16,000, சுத்தம் ஆளுக்கு 800. எல்லாம் சேர்த்து 29,600. அட்டையோடு ஒப்பிட்டாலும் 3,599 குறைவு. உலோகக் கேப் பற்றிக் கேட்டபோது நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்கு யார் சொன்னது?" என்றார். தாராளமாகப் போடலாம், பாதிக்கும் குறைவான விலைதான் என்றும் சொன்னார். உலோகத்தையே போட்டுக்கொள்ளப் போகிறேன் அண்ணா, மிச்சப் பணம் மகளின் முன்பற்களுக்கு.

டீச்சர், மகளையும் அந்த மருத்துவரே பார்த்தார். முதலில் மேற்பரப்பைத் தேய்த்துப் பார்க்கலாம், அதில் எவ்வளவு போகிறது என்று கண்டுகொண்டு மேலே பேசலாம் என்றார். கேப் என்ற பேச்சே எடுக்கவில்லை. சமையல் தண்ணீரையும் மாற்றிவிட்டேன். குடம் தூக்குவது கணவரின் ஞாயிற்றுக்கிழமை வேலையாகிவிட்டது.

குழுக் காப்பீட்டுத் தாள் வந்தது: 3 லட்சம், எங்கள் மூவருக்கு. பல் என்றால் விபத்துக்கு மட்டும். ஐயா சொன்னது போலவேதான். அடிப்படைப் பாலிசியைத் தனியாக எடுக்கிறோம், வெளிநோயாளர் பிரிவு வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஏஜென்டை மாற்றிவிட்டோம். புதியவர் படிவத்தில் பல் சிகிச்சையைப் பற்றித் தானாகவே கேட்டு எழுதிக்கொண்டார்.

மாமியார் இன்னும் செட் வேண்டாம் என்கிறார். பல் எடுப்பதற்கு மட்டும் சம்மதம், அதுவும் அரசு மருத்துவமனையில் என்றால்தான். தனியாரிடம் பல்லைக் கொடுத்துப் பணமும் கொடுப்பதா என்று கேட்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம். இரண்டாவது மருத்துவர் நல்லவராகத் தெரிகிறார், ஆனால் ரசீது கேட்டால் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தருகிறார். அது போதுமா?

பழைய பாலிசிக்காரர், கிருஷ்ணகிரி:

போதாது அம்மா. ரசீதில் மருத்துவரின் பெயர், பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண், தேதி, செய்த வேலை, எந்தப் பல் என்பது எல்லாம் இருக்க வேண்டும். பற்களுக்கு எண் உண்டு. வலது பக்கக் கீழ் முதல் கடைவாய்ப் பல் என்றால் 46. அதற்குப் பின்னால் உள்ளது 47. அந்த எண்ணை எழுதச் சொல்லுங்கள். கேப்புக்கு உத்தரவாத அட்டை கொடுத்தால் அதிலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்ரேயை முன்பு எடுத்ததும் பின்பு எடுத்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போனில் அனுப்பினால்கூடப் போதும். நாளைக்கு அந்தப் பல்லில் மறுபடி வலி வந்து வேறொருவரிடம் போனால் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

மாமியாரின் கேள்வி நியாயமானது. சீட்டு வரிசைக்கு ஆதார் அட்டையையும் பழைய மருந்துச் சீட்டுகளையும் மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.